எழுபது டிகிரி

ஷூவைக் கையில் எடுத்ததுமே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

வாசலில் கிடந்த மகளின் குட்டி ஷூக்களைத் துடைத்து வைக்கலாம் என்றுதான் எடுத்தான். இடது கால் ஷூவின் அடி சமமாகத் தேய்ந்திருந்தது. வலது கால் ஷூவோ வெளி ஓரத்தில் மட்டும் வழவழவென்று வழுக்கையாகி, உள் ஓரத்தில் நேற்றுக் கடையிலிருந்து வாங்கிவந்த மாதிரி கோடு கோடாக இருந்தது. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. இப்படித் தேய்ந்த டயரோடு ஒருத்தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், அவன் இறங்குவதற்கு முன்னாலேயே "சக்கரம் நேரா ஓடலண்ணே" என்று சொல்லிவிடுகிற ஆள் இவன். பதினாறு வருஷமாக பைக் மெக்கானிக். சக்கரத்தைப் பற்றி இவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, தெரிந்த மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். அவன் என்ன செய்தான் தெரியுமா? சமையலறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஷூவை மற்ற செருப்புகளுக்கு அடியில் தள்ளிவிட்டான். பயந்தவன் புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

பயப்படக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் மூணரை வருஷம் பின்னால் போக வேண்டும்.

மகள் பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமாக மடங்கித்தான் பிறந்தாள். உள்ளங்கால் மேலே பார்த்தது. ஆளும் பொடிசு, கோபம் வந்தால் வெடிக்கிற வெடிப்பும் அப்படி, அதனால் வீட்டில் பெயர் கடுகு. பத்தாம் நாளே ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு ஒரு கட்டு, கழற்றிக் கொஞ்சம் திருப்பி மறுபடி ஒரு கட்டு, இப்படி ஆறு. கடைசியில் குதிகால் தசைநாரில் ஒரு சின்ன வெட்டு, மூணு வாரத்துக்கு இன்னொரு கட்டு. அதைப் பிரித்தபோது பாதம் நேராக, பார்க்கவே லட்சணமாக இருந்தது. இவன் சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே அழுதுவிட்டான்.

"இப்பவே அழுதுட்டா எப்படி? இனிமேதான் நிஜ வேலையே இருக்கு" என்றார் டாக்டரம்மா. ஒரு பிரேஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு பட்டைக் கம்பி, ரெண்டு முனையிலும் ஒவ்வொரு குட்டி ஷூ. நல்ல கால் நாற்பது டிகிரி, சரிபண்ணின கால் எழுபது டிகிரி, வெளிப்பக்கமாகத் திரும்பியபடி இருக்க வேண்டும். முதல் மூணு மாசம் குளிக்கிற நேரம் தவிர எப்போதும். அப்புறம் தூங்கும்போதெல்லாம், நாலு வயசு முடிகிறவரை. "கால் நேராயிடுச்சுன்னு ஏமாந்துடாதீங்க. விட்டா பழையபடி உள்ள மடங்கிடும். போடணும்னா போடணும். பாவம் பார்க்கக் கூடாது." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது டாக்டரம்மா அம்மாவைத்தான் பார்த்தார். அப்பாவைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து பிரேஸ் அம்மாவின் பொறுப்பு. அவள் பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்து, சமைத்து, எட்டு மணி அடித்தால் பிரேஸைக் கையில் எடுத்துவிடுவாள். மழையோ வெயிலோ, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்களோ, ஒரு நிமிஷம் தள்ளாது. கடுகு உதைப்பாள், கடிப்பாள், நீலம் பாரித்துப் போகிற அளவுக்குக் கத்துவாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலை ஷூவுக்குள் அழுத்தி, நடுவிலுள்ள தோல்வாரை முதலில் இறுக்கி, மற்ற வார்களையும் மாட்டிவிட்டு, காலண்டரில் ஒரு டிக் போடுவாள். பேச்சு வந்த பிறகு கடுகு அவளுக்கு வைத்த பெயர் 'கெட்டம்மா'. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி "புள்ளையை என்ன பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறாள். நாத்தனார் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இப்படி விலங்கு மாட்டி வெச்சிருக்கியே, பெத்தவதானா நீ?" என்றாள். பெத்தவள் அன்றைக்கும் டிக் போட்டாள்.

இத்தனை கூத்து நடக்கும்போது இந்த மகராசன் எங்கே இருப்பான் என்கிறீர்கள்? மொட்டைமாடியில், ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு.

சனிக்கிழமை மத்தியானம் அவளுக்குக் கடை உண்டு, இவனுக்கு லீவு. குழந்தையைத் தூங்கவைக்கிற வேலை இவனுடையது. கடுகுக்கு ஒண்ணே கால் வயசு இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, பிரேஸைப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரமாக அவள் கதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்து, குரல் கம்மி, "பா... பா..." என்று கையை நீட்டினாள். இவனுக்கு நெஞ்சே வெடித்துவிடும் போல ஆனது. ஷூவைத் திருப்பிப் பார்த்தான். அடியில் ஒரு திருகு. அவ்வளவுதான்! ஊரிலுள்ள திருகெல்லாம் தன் பேச்சைக் கேட்கும்போது இது மட்டும் என்ன பெரிய திருகு?

ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்திருந்த இடத்தில் ஊசியால் மெல்லிசாக ஒரு கீறல் போட்டுக்கொண்டான். ஸ்க்ரூ டிரைவரால் தளர்த்தி, ஷூவை ஒரு நூல் அளவு உள்பக்கம் திருப்பி, மறுபடி முடுக்கினான். நிஜமாகவே அதனால்தானோ, இல்லை அழுது ஓய்ந்ததனாலோ, கடுகு அஞ்சு நிமிஷத்தில் தூங்கிப்போனாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தான். உலகத்திலேயே நல்ல அப்பா தான்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டான்.

ஒரு நூலோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த மாசம் இன்னொரு நூல். எழுபது அறுபதானது, அறுபது ஐம்பதானது. ரெண்டு வயசில் வலது ஷூ கிட்டத்தட்ட நேராகவே நின்றது. தினமும் பார்க்கிற பொருள் கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் கண்ணுக்குத் தெரியுமா? அம்மாவுக்குத் தெரியவில்லை. செக்கப்புக்கு முந்தின நாள் மட்டும் "எண்ணெய் விட்டு வைக்கிறேன்" என்று பிரேஸை எடுத்துப் போய், ஷூவைக் கீறலுக்கே திருப்பி வைத்துவிடுவான்; வீடு திரும்பியதும் பழையபடி தளர்த்திவிடுவான். வளர வளரப் புது பிரேஸ் கொடுத்தார்கள். அதிலும் முதல் வேலையாகக் கீறல் போட்டுவிடுவான். இதே ஆள் பட்டறையில் கஸ்டமரைப் பார்த்து, "கம்பெனிக்காரன் வெச்ச செட்டிங்கை எவன்யா மாத்தினது? அவன் என்ன முட்டாளா?" என்று தெருவே கேட்கக் கத்துவான்.

கடுகு அழுகையை நிறுத்தினாள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் கைக்குழந்தையோடு கண் கலங்கி உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் தானாகவே போய், "கவலைப்படாதீங்க, என் பொண்ணும் இப்படித்தான் கத்துவா. விடாம போட்டா பழகிடும்" என்பாள். அப்போதெல்லாம் இவன் தலைக்குமேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இப்போது புரிகிறதா, அந்த ஷூவை ஏன் ஒளித்தான் என்று?

ஒளித்து என்ன பிரயோஜனம்? அடுத்த வாரமே அம்மாவே பார்த்துவிட்டாள். கடுகு வழவழத் தரையில் நடந்து வரும்போது வலது குதிகால் தரையைத் தொடவில்லை, பாதத்தின் வெளி ஓரத்தில்தான் நடக்கிறாள். அன்றிரவே அவள் ஆஸ்பத்திரிக்குப் போக எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். இவனும் வழக்கம்போல எண்ணெய் விட பிரேஸை எடுத்துப் போனான். மறுபடி கீறல், மறுபடி எழுபது.

டாக்டரம்மா கடுகை வராண்டாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். படுக்கவைத்துப் பாதத்தை மேலே தள்ளிப் பார்த்தார். அது வரவில்லை. பிரேஸை வாங்கித் திருப்பி, ஷூவின் கோணத்தை அளந்து பார்த்தார்.

"பிரேஸ்ல ஒரு குறையும் இல்ல. கால் பழையபடி திரும்பிடுச்சும்மா. ராத்திரி போடுறீங்களா இல்லையா?"

"ஒரு நாள் விடாம போடுறேன், டாக்டர்." அவள் பையிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்தாள். மூணு வருஷத்துத் தாள்கள், ஒழுங்காக நூல் போட்டுக் கட்டியவை.

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. அன்றைக்கு முப்பது பேரைப் பார்த்துக் களைத்திருந்தார். தாள்களை வாங்காமலேயே, "எல்லாரும் போட்டோம்னுதான் சொல்றாங்க" என்றார்.

அவள் முகம் செத்துவிட்டது. கையிலிருந்த தாள்களில் ஒன்றைப் பிரித்து நீட்டினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "போன வருஷம் காய்ச்சல் வந்தப்ப அஞ்சு நாள் போடல. உடம்பு கொதிச்சுது, டாக்டர். மனசு கேக்கல. அந்த அஞ்சு நாளைக்கு டிக் போடல, பாருங்க."

"அஞ்சு நாளாலதான்னு சொல்ல முடியாதும்மா. ஒழுங்காப் போட்டும் சில பேருக்குத் திரும்பறது உண்டு. இப்போ காரணம் தேடி என்ன ஆகப்போகுது? மறுபடி மாவுக்கட்டு போடலாம். ஆறு வாரம் பார்ப்போம். வரலைன்னா ஒரு ஆபரேஷன், ஒரு தசைநாரை இடம் மாத்தி வைக்கணும்."

பக்கத்தில் குத்துக்கல் மாதிரி நின்றானே ஒருத்தன், அவன் வாயைத் திறந்தானா? ம்ஹூம். ஒழுங்காகப் போட்டும் சில பேருக்குத் திரும்பும் என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கடுகு அவன் மடியில் தூங்கினாள். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான்தாங்க கெடுத்துட்டேன். அந்த அஞ்சு நாள்ல நான்தான் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

இதைவிட நல்ல சமயம் ஒருத்தனுக்குக் கிடைக்குமா? நாக்கு நுனிவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது. கடைசியில் அவன் சொன்னது இதுதான்: "விடு. நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே."

பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டானாம்! அவளும் அதை நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை வீடு வரும்வரை அவனைச் சுட்டது. அதற்கப்புறம் ஆறு நாள் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பட்டறையில் ஒரு வண்டிக்கு பிரேக் கேபிளை மாட்டாமலே அனுப்பிவைத்து, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஏழாம் நாள் மாவுக்கட்டு அறை.

கட்டுப் போடுகிறவர் குள்ளமான ஆள், வாய் ஓயாது. கடுகு கைக்குழந்தையாக இருந்தபோது கட்டுப் போட்டதும் அவர்தான். "யாரு, நம்ம கடுகா? மறுபடி என்னைப் பார்க்கணும்னு ஆசை வந்துடுச்சா? இந்தா, உனக்கு வெள்ளை பூட்ஸ்" என்று பஞ்சைச் சுற்றினார். டாக்டரம்மா பாதத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, அவர் மாவுத்துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுற்ற ஆரம்பித்தார். முட்டியை மடக்கி, காய்கிறவரை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அம்மா. அப்பா தலைமாட்டில்.

கடுகு இப்போது கைக்குழந்தை இல்லை. பலம் இருந்தது, வாயும் இருந்தது. "கெட்டம்மா, விடு! வலிக்குது, விடு!" என்று திமிறினாள். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து இவனைத் தலைகீழாகப் பார்த்தாள்.

"அப்பா, நீ திருகேன்! அம்மா பார்க்காதப்ப திருகுவியே, அதே மாதிரி திருகுப்பா! வலிக்காம பண்ணுப்பா!"

கட்டுப் போடுகிறவர் சிரித்தார். "என்னத்தம்மா திருகச் சொல்றே? இதுல திருகெல்லாம் கிடையாது."

"அவரு மெக்கானிக் இல்லையா," என்றாள் அம்மா, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "வீட்டுலயும் எதையாவது திருகிக்கிட்டே இருப்பாரு. இவளும் கூடவே உக்காந்திருப்பா. அதைச் சொல்றா."

அவன் ரகசியத்துக்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளே போட்டுக் கொடுத்துவிட்டாள், அந்தப் பாவி மனுஷி. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், சாகிறவரைக்கும் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவன் கடுகின் முகத்தைப் பார்த்தான். தான் சொன்னால் அப்பா செய்வார் என்று அந்த முகம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தன்னை நினைத்தே ஒரேயடியாக வெறுத்துப்போனது.

"அவ அதைச் சொல்லல," என்றான். "பிரேஸைச் சொல்றா. நான்தான் பிரேஸைத் திருகிட்டேன்."

அவனே மேலும் சொன்னான். கீறல் போட்டதை, நூல் நூலாகத் தளர்த்தியதை, செக்கப்புக்கு முந்தின நாள் எண்ணெய் என்று சொல்லித் திருப்பி வைத்ததை, எல்லாவற்றையும் சொன்னான்.

அம்மாவின் கை மகளின் முட்டியிலிருந்து நழுவப் பார்த்தது.

"அம்மா, பிடிச்சுக்கோங்க," என்றார் கட்டுப் போடுகிறவர். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. "இன்னும் காயல. இப்ப அசைஞ்சா எல்லாம் வீணாப் போயிடும்."

அவள் பிடித்துக்கொண்டாள். அறைய வேண்டுமென்றால் அறைய முடியாது, எழுந்து போக வேண்டுமென்றால் போக முடியாது. ரெண்டு கையும் மகளின் முட்டியில் இருந்தன. மாவு மெல்ல மெல்லச் சூடாகி இறுகியது. நாலஞ்சு நிமிஷம் இருக்கும். அவனுக்கு அது முடிகிற மாதிரியே தெரியவில்லை.

"எப்போலேருந்து?" என்றாள், அவனைப் பார்க்காமல்.

"ஒண்ணே கால் வயசுலேருந்து."

"அழுகையை நிறுத்தினாளே, அது இதனாலதானா?"

"ம்."

"பழகிடுச்சுன்னு எத்தனை பேர்கிட்ட சொன்னேன்," என்றாள். "வராண்டாவுல உக்காந்திருந்த அத்தனை பேர்கிட்டயும் சொன்னேனே."

டாக்டரம்மா பாதத்தை விடாமலே அவனைத் திட்டினார். திட்டினார் என்றால் சாதாரணமாக இல்லை, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலத் திட்டினார். அவன் கேட்டுக்கொண்டான். முடித்துவிட்டு அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

வீட்டுக்குப் போனதும் பெரிய சண்டை வெடிக்கும் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். வெடித்திருந்தால் தேவலை. ஒன்றுமே இல்லை. சாப்பாடு வைத்தாள், துணி துவைத்தாள், "பால் தீர்ந்துபோச்சு", "கேஸ் வந்துச்சு" என்கிற அளவுக்குப் பேசினாள். ஒரே ஒருநாள் மட்டும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"அவ உங்களைக் கட்டிக்கிட்டுத் தூங்குவா. என்னைப் பார்த்தாலே காலை இழுத்துக்குவா. கால் சரியாப் போனாப் போதும், என்னை வெறுத்தாலும் பரவால்லன்னு இருந்தேன். நீங்க அதையும் இல்லாம பண்ணிட்டீங்க."

அவள் திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டாள்.

ஆறு கட்டும் முடிந்தன. பாதம் முக்கால்வாசி வந்தது, முழுசாக வரவில்லை. ஆபரேஷன் வேண்டுமா என்று வருஷக் கடைசியில் பார்க்கலாம், அதுவரை பிரேஸ் என்றார் டாக்டரம்மா. புது பிரேஸில் திருகின்மேல் பசை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். யாருக்காக என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று எட்டு மணிக்கு அவன் பழக்க தோஷத்தில் மொட்டைமாடிப் படியில் கால் வைத்தான். அவள் பின்னாலேயே வந்து பிரேஸை அவன் கையில் கொடுத்தாள்.

"இனிமே இது உங்க வேலை."

"எனக்குப் போட வராதே," என்றான். சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"திருக மட்டும் வந்துச்சுல்ல?"

அவன் உள்ளே போனான். கடுகு கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரேஸ் அப்பா கையில் இருப்பதைப் பார்த்ததும் அவளுக்குக் குஷி. தானாகவே காலை நீட்டினாள். "சும்மாதானேப்பா?" என்று ரகசியமாகக் கேட்டுக் கண் சிமிட்டினாள்.

அவன் இடது காலைப் போட்டான். வலது குதிகாலைப் பிடித்து ஷூவுக்குள் அழுத்தினான். கடுகின் சிரிப்பு பாதியில் நின்றது. நடுவாரை இழுத்தான். அவள் காலை உதறினாள், அவன் விடவில்லை. கம்பி வெளிப்பக்கமாக இழுத்தது.

"வலிக்குதுப்பா. திருகுப்பா."

"முடியாது கண்ணு."

அவள் நம்பவில்லை. விளையாட்டு என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் அவனையே உற்றுப் பார்த்தாள். யாரோ வேற்று ஆளைப் பார்க்கிற பார்வை அது. கீழுதடு பிதுங்கியது. அவன் கையை ரெண்டு கையாலும் தள்ளிவிட்டு, கதவைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா! அம்மா, வாம்மா! அப்பா வலிக்கப் பண்றாரு, நீ வாம்மா!"

அவள் ஓடிவந்தாள். வந்தவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. மகள் தன்னைக் கூப்பிட்டு ரெண்டு கையையும் நீட்டுவதைப் பார்த்தாள். நிலையைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. தூக்கிக்கொண்டால் போதும், அந்த நிமிஷமே குழந்தை முழுசாக அவள் பக்கம் வந்துவிடும். இவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தூக்கிக்கொள்ளட்டும் என்றே நினைத்தான்.

"அப்பா சொல்றதைக் கேளு, கண்ணு," என்றாள் அவள். "அப்பா உன் நல்லதுக்குத்தான் போடுறாரு."

அம்மா சொல்றதைக் கேளு என்று இந்த மூணரை வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட இந்த வீட்டில் சொன்னதில்லை. குனிந்து, கண்ணீர் கண்ணை மறைக்க மறைக்க, கடைசி வாரைத் தடவிப் பிடித்து மாட்டினான். கடுகு அவனைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.